வாய் திறக்காத பிள்ளை

என் மாமியாரிடம் அவருடைய மகனைப் பற்றி யார் விசாரித்தாலும் ஒரே பதில்தான் வரும். தங்கமான பிள்ளை, வாயே திறக்க மாட்டான் என்பார். எங்கள் தெருவில் பெற்றவளை எடுத்தெறிந்து பேசாத பையனைப் பார்ப்பதே அரிது. அப்படிப்பட்ட தெருவில் வாய் திறக்காத பிள்ளையைப் பெற்றவர் தலை நிமிர்ந்து நடந்ததில் தப்பு ஒன்றும் இல்லை. அந்தப் பிள்ளைதான் என் வீட்டுக்காரர். இருபத்தாறு வயதில் அவருடைய கன்னத்தில் புற்றுநோய் என்றார்கள். அவரைக் காப்பாற்ற முடியுமா, அவருடைய பேச்சையாவது காப்பாற்ற முடியுமா என்று நாங்கள் ஓடிய ஓட்டத்தைத்தான் சொல்லப் போகிறேன். சொல்லும்போது இடையிடையே எனக்குக் கோபம் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருவரும் ஒரே சோபா பட்டறையில் வேலை பார்த்தோம். நீளமான தகரக் கொட்டகை. ஒரு கோடியில் தச்சர்கள் மரச்சட்டம் அடிப்பார்கள். நடுவில் ஃபோம் வெட்டும் மேஜை. ஜன்னல் ஓரமாகத் தையல் மெஷின்கள். சோபாவுக்கு உறை தைப்பது என் வேலை. நான் தைத்த உறையை இழுத்துப் பிடித்துச் சட்டத்தில் ஆணி அடிப்பது அவர் வேலை. ஃபோம் தூள் எல்லோர் தலையிலும் இருக்கும். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது எல்லோரும் ஒரே நாளில் கிழடு தட்டிப் போனதுபோல நரைத்த தலையோடு போவோம்.

ஆணி அடிக்கும் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு கை துணியை விறைப்பாக இழுத்துப் பிடித்திருக்கும், இன்னொரு கையில் சுத்தியல் இருக்கும். ஆணி எடுக்க மூன்றாவது கை கிடையாது. அதனால் சின்னக் கறுப்பு ஆணிகளை ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வார்கள். நாக்கால் ஒவ்வொன்றாக உதட்டுக்குத் தள்ளுவார்கள். சுத்தியலின் முனையில் காந்தம் உண்டு, அது ஆணியைக் கவ்விக்கொள்ளும். டக், டக் என்று வரிசை ஓடும். வாயில் ஆணியோடு பேசினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அதனால் அந்த வரிசையில் சுத்தியல் சத்தம் மட்டும்தான் கேட்கும், மனிதச் சத்தம் கேட்காது. எல்லோருடைய கன்னமும் ஒரு பக்கம் உப்பியிருக்கும். உள்ளே இருப்பது ஆணியா, பாக்குப் பொட்டலமா என்று வெளியே இருப்பவருக்குத் தெரியாது.

அவர் மட்டும் ஆணியை வாய்க்குள் போட மாட்டார். பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து உதட்டு நுனியில் வைப்பார், அடிப்பார், அடுத்ததை எடுப்பார். வேலை கொஞ்சம் மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் முதலாளிக்கு அதில் பெருமை. இவன் ஒருத்தன்தான் ஜாக்கிரதைக்காரன், என்றைக்கும் ஆணியை விழுங்க மாட்டான் என்று மற்றவர்களுக்குக் காட்டுவார். சாப்பாட்டு வேளையில்கூட அவர் ஒதுங்கி உட்கார்ந்து சின்னச் சின்னக் கவளமாகச் சாப்பிடுவார். யாரையும் வம்புக்கு இழுக்க மாட்டார், கேட்டதற்கு ஒரு சொல்லில் பதில். பட்டறையில் அவருக்கு வைத்த பெயர் மௌனசாமி.

எனக்கு அந்த மௌனம்தான் பிடித்தது. என் அப்பா வாய் ஓயாத மனிதர். காலையில் பல் தேய்க்கும்போது தொடங்கும் திட்டு, படுக்கும் வரை நிற்காது. அந்தச் சத்தத்திலேயே வளர்ந்தவளுக்கு, உரக்கச் சிரிக்கக்கூடத் தெரியாத ஒருவர் எதிர்வரிசையில் உட்கார்ந்து வேலை செய்வதைப் பார்க்க நிழலில் நிற்பதுபோல இருந்தது. நானாகத்தான் போய்க் கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். அவ்வளவுதான் எங்கள் காதல் வசனம். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு மறுநாள் இரண்டு பேரும் வேலைக்கு வந்துவிட்டோம்.

மாமியார் வீடு ஒரு சலவைக் கடையின் மாடியில் இருந்தது. இரண்டு அறை. கீழே இஸ்திரி போடும் சூடு தரை வழியாக ஏறும். மாமனார் முன்பே தவறிவிட்டார். என் மாமியார் அந்தச் சலவைக் கடையிலேயே துணி மடித்துக் கொடுத்து மகனை வளர்த்தவர். நான் போன அன்றே என்னை உட்கார வைத்து மகனுடைய குணங்களைச் சொல்லத் தொடங்கிவிட்டார். சிகரெட் கிடையாதாம், குடி கிடையாதாம். கொஞ்சம் பாக்கு போடுவானாம், அதுவும் வாய் மணப்பதற்குத்தானாம். காரம் கேட்க மாட்டானாம், இன்னொரு தரம் போடு என்று சொல்ல மாட்டானாம்.

"வாயில விரல வச்சாக்கூடக் கடிக்கத் தெரியாதும்மா அவனுக்கு. அப்படி ஒரு அப்பாவி" என்றார்.

குளியலறையில் இருந்த பல் தேய்க்கும் டப்பாவில் இரண்டு பிரஷ் இருந்தன. ஒன்று மாமியாருடையது. இன்னொன்று சின்னக் குழந்தைகளுக்கு வாங்குவார்களே, பிடியில் வாத்துப் படம் போட்டது, அது. பக்கத்து வீட்டுக் குழந்தையுடையது இங்கே எப்படி வந்தது என்று கேட்டேன். அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே அந்த மாதிரிதான் பிடிக்கும் என்று மாமியார் சிரித்தார். நானும் சிரித்தேன். வளர்ந்த ஆம்பிளைக்கு வாத்துப் பிரஷ் என்று பட்டறையில் என் தோழிகளிடம் சொல்லிக் கிண்டல்கூடச் செய்தேன்.

கொட்டாவி வந்தால் அவர் உதட்டை மூடியபடியே விடுவார். என்ன மரியாதை தெரிந்த மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். வாழைப்பழத்தை நீளவாக்கில் கீறிக் கீற்றுக் கீற்றாகச் சாப்பிடுவார். ரொட்டியைப் பாலில் ஊறவைத்துக் கரண்டியின் விளிம்பால் உள்ளே தள்ளுவார். ஒருநாள் குழம்பில் மிளகாய் கொஞ்சம் தூக்கலாகிவிட்டது. அவர் கண்ணில் நீர் கொட்டியது, எழுந்து போய்த் தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டே நின்றார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. பாருங்கள், எங்கள் வீட்டில் என்றால் தட்டு பறந்திருக்கும். மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன்; அத்தை என் காதில், பார்த்தாயா என் பிள்ளையை என்று சொன்னார்.

இப்படித்தான் அந்த நோய் எங்கள் வீட்டில் நல்ல குணம் என்ற பெயரில் குடியிருந்தது. ஒவ்வொரு அறிகுறிக்கும் அத்தை ஒரு பாராட்டு வைத்திருந்தார்.

பாக்கு போடுவார் என்பது எனக்குத் தெரியும். பளபளக்கும் சின்னக் காகிதப் பொட்டலம், பிரித்தால் ஏலக்காய் வாசனை வரும். பட்டறையில் பாதிப் பேர் கன்னத்தில் அது இருக்கும். அதை ஒரு பழக்கம் என்றே யாரும் கணக்கில் எடுப்பதில்லை. புகை வந்தால்தான் புகையிலை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். பொட்டலத்தின் பின்பக்கம் எறும்பு எழுத்தில் புகையிலை என்று போட்டிருப்பதைப் பிறகுதான் படித்தேன்.

ஒரு காலையில் அவருடைய தலையணை உறையில் சின்ன ரத்தக்கறை இருந்தது. கேட்டதற்குப் பல்லில் ஏதோ என்றார். அடுத்த வாரமும் இருந்தது. இடது கன்னம் உள்ளிருந்து கெட்டியாக இருப்பது என் கைக்குத் தெரிந்தது. பல் டாக்டரிடம் போகலாம் என்று சொன்னால் தலையை ஆட்டுவார், ஆனால் போக மாட்டார். கடைசியில் நான் பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு, அவர் சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போனேன்.

பல் டாக்டர் எங்களைவிடச் சின்னப் பெண்ணாக இருந்தார். என் வீட்டுக்காரரை நாற்காலியில் சாய்த்து, விளக்கை முகத்துக்கு நேராக இழுத்து, ஆ காட்டச் சொன்னார். அவர் காட்டினார். டாக்டர் காத்துக்கொண்டிருந்தார். நல்லாத் திறங்க, கூச்சப்படாதீங்க என்றார். அவர் காட்டியது அவ்வளவுதான். எனக்குச் சங்கடமாக இருந்தது. வீட்டில் கேட்டுக் கேட்டுப் பழகிய வார்த்தை, யோசிக்காமல் என் வாயிலிருந்து வந்துவிட்டது.

"அவர் எப்பவுமே அப்படித்தான் டாக்டர். அதிகமா வாய் திறக்க மாட்டார்."

டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"திறக்க மாட்டாரா, திறக்க முடியலையா?"

நாற்காலியில் சாய்ந்திருந்தவரைப் பார்த்தேன். அவர் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணோரத்திலிருந்து நீர் காதுப் பக்கம் இறங்கியது. டாக்டர் அவரைத் தன் கையின் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி வாய்க்குள் வைத்துப் பார்க்கச் சொன்னார். யாருக்கும் சுலபமாகப் போக வேண்டுமாம். அவருக்கு ஒரு விரலே சிரமப்பட்டுத்தான் போனது. எப்போதிலிருந்து என்று டாக்டர் கேட்டார்.

"பொட்டலம் பதினாலு வயசுல. வாய் இறுக ஆரம்பிச்சது பதினேழு, பதினெட்டுல இருக்கும்" என்றார் அவர். எனக்குத் தெரிந்து அவர் பேசியதில் அதுதான் அதுவரை நீளமான பேச்சு.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. பாக்கும் புகையிலையும் சேர்ந்து கன்னத்தின் உட்பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நார் நாராக இறுக்கிவிடும் என்று சொன்னார். முதலில் காரம் எரியும், பிறகு வாய் குறுகும், சிலருக்கு அது புற்றில் போய் முடியும். அந்த இளம் வயதில் பழகினால் சீக்கிரம் அடிமையாக்கிவிடும், விடுவதும் மிகக் கஷ்டம். இரண்டு விரல் போகும்போதே வந்திருந்தால் என்று தொடங்கி, வாக்கியத்தை முடிக்காமல், பெரிய மருத்துவமனைக்கு ஒரு சீட்டு எழுதத் தொடங்கினார்.

பெரிய மருத்துவமனையில் சதையைக் கிள்ளி எடுத்துச் சோதித்தார்கள். புற்று என்றார்கள். கன்னத்தையும் தாடை எலும்பில் ஒரு பகுதியையும் நாக்கில் ஒரு பகுதியையும் எடுக்க வேண்டும், தொடையிலிருந்து தோல் எடுத்து வைத்து மூடுவோம் என்றார் அறுவைசிகிச்சை டாக்டர். பேச்சு வருமா என்று நான் கேட்டேன். உயிரைப் பார்ப்போம், பேச்சுக்கு உறுதி சொல்ல முடியாது என்றார். நல்ல மனிதர், சுற்றி வளைக்காமல் சொன்னார். அதற்காக அவர்மேல் கோபப்படவும் எனக்கு வழியில்லாமல் போயிற்று.

அத்தையிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவர் வெள்ளைச் சட்டை ஒன்றை மடித்துக்கொண்டிருந்தார், மடிப்பதை நிறுத்தவே இல்லை. வேறு யாருடைய சீட்டையோ மாற்றிக் கொடுத்திருப்பார்கள் என்றார். என் பிள்ளைக்கு அந்த மாதிரிப் பழக்கமெல்லாம் கிடையாது என்றார். அவன் வாயே திறக்க மாட்டானே என்று சொல்ல வந்தார். வாயே என்பதுவரை வந்தது. அதற்குமேல் வரவில்லை. கையில் இருந்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டு காரம், பழம், பிரஷ், கொட்டாவி என்று ஒவ்வொன்றாகத் தனக்குள் எண்ணிப் பார்ப்பது அவர் முகத்தில் தெரிந்தது.

"நோயை மெச்சிட்டேனேம்மா. இத்தனை வருஷமா ஊரெல்லாம் போய் அவன் நோயையே மெச்சிட்டு வந்திருக்கேனே" என்றார்.

நான் அவர் மடியில் இருந்த சட்டையை எடுத்து மடித்து வைத்தேன். யார் இருந்தாலும் மெச்சத்தான் செய்திருப்பார்கள். சத்தம் போடுகிற பிள்ளையைத்தான் எல்லோரும் உற்றுப் பார்க்கிறோம். அமைதியாக இருக்கும் பிள்ளையின் அருகே போய் உனக்கு என்ன ஆயிற்று என்று எந்த வீட்டில் கேட்கிறார்கள்?

அறுவைசிகிச்சைக்குச் சில வாரங்கள் இருந்தன. புற்று என்று சொன்ன அன்றோடு அவர் பொட்டலத்தை விட்டார். முதல் நாட்களில் தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தார், அழுதார். அது அடங்கிய பிறகு ஓர் ஆச்சரியம் நடந்தது. அவர் பேசத் தொடங்கினார். ஒரு விரலே சிரமப்பட்டு நுழையும் அந்தச் சந்து வழியாகப் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். சொற்கள் பாதி குழறும். காதைக் கிட்டே கொண்டுபோனால் புரிந்துவிடும். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, நான் கல்யாணம் செய்துகொண்டது ஒரு வாயாடியை. பள்ளிக்கூடத்தில் அவருக்கு ரேடியோ என்று பெயராம். பாடம் நடத்தும்போது பேசியதற்காக வகுப்புக்கு வெளியே நின்ற நேரம்தான் அதிகமாம். ஆசிரியர், தலைமையாசிரியர், காவலாளி என்று ஒவ்வொருவராக நடித்துக் காட்டுவார். நான் வயிறு வலிக்கச் சிரிப்பேன். அவர் பாதிச் சிரிப்பில் வலி தாங்காமல் கன்னத்தைப் பிடித்துக்கொள்வார்.

பொட்டலம் எப்படி வந்தது என்பதையும் அந்த நாட்களில்தான் சொன்னார். பதினாலு வயதில் படிப்பு ஏறாமல் பட்டறைக்கு வந்திருக்கிறார். வந்த புதிதில் வேலை நேரத்தில் ஓயாமல் பேச்சு. இவன் பேச்சைக் கேட்டுச் சிரித்து ஒருவன் ஆணியை விழுங்கப் பார்த்தான் என்று முதலாளி பிடித்துத் திட்டிவிட்டார், இன்னொரு முறை சத்தம் கேட்டால் வீட்டுக்குப் போ என்று சொல்லிவிட்டார். பையன் பயந்து போனான். அம்மா ஒருத்தி சம்பாத்தியத்தில் வீடு ஓடுகிறது. பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்த நெட்டை என்பவன் இவரைவிட இரண்டு வயது பெரியவன். அவன்தான் ஒரு பொட்டலத்தை நீட்டினான்.

"கன்னத்துல ஒதுக்கிக்க. பேச்சும் வராது, பசியும் வராது" என்றானாம்.

கெட்ட எண்ணத்தில் கொடுக்கவில்லை, தனக்கு உதவியதைக் கொடுத்திருக்கிறான். முதல் நாள் தலை சுற்றி, ஃபோம் மூட்டைகளுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தாராம். அப்புறம் பழகிவிட்டது. வாயில் சாறு ஊறியிருந்தால் பேச முடியாது, பேசாததால் திட்டு இல்லை. கொஞ்ச நாளில் முதலாளி பாராட்டினார். வீட்டில் அம்மா பாராட்டினார். எல்லோரும் அடங்கிவிட்டான், பொறுப்பு வந்துவிட்டது என்றார்கள். நடுவில் இரண்டு தடவை விட்டுப் பார்த்திருக்கிறார். கை நடுங்கி, சுத்தியல் கட்டைவிரலில் இறங்கியது. மறுபடியும் எடுத்துவிட்டார். அந்தப் பொட்டலங்களைச் சரம் சரமாக எங்கே தொங்கவிட்டிருந்தார்கள் தெரியுமா? பட்டறைத் தெரு முனைக் கடையில், மிட்டாய் ஜாடிக்கு மேலே, ஒரு பத்து வயதுப் பிள்ளையின் கைக்கு எட்டுகிற உயரத்தில். இன்றைக்கும் அங்கேதான் தொங்குகிறது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அதைப் பிய்த்தெறிய எனக்குக் கை நீளும்.

அறுவைசிகிச்சைக்கு முன்பு பட்டறைக்கு ஒரு தடவை போய்வர ஆசைப்பட்டார். போனோம். அவர் எந்த உபதேசமும் செய்யவில்லை, பேசினால் அங்கே யாருக்கும் புரிந்திருக்கவும் செய்யாது. ஆணி வரிசையில் இருந்த பையன்களை எல்லாம் கூப்பிட்டு, மூன்று விரலை வாய்க்குள் நிறுத்திப் பார்க்கச் சைகை காட்டினார். அவர்களுக்கு விளையாட்டாகிவிட்டது. ஒருவன் நாலு விரல் வைத்துக் காட்டினான், எல்லோரும் சிரித்தார்கள். பதினாறு வயதுப் பையன் ஒருவனுக்கு இரண்டோடு நின்றுவிட்டது. அவன் விரலை எடுத்துத் துடைத்துவிட்டுத் திரும்ப வைத்துப் பார்த்தான். மறுபடியும் இரண்டுதான். சிரிப்பு நின்றது. என் வீட்டுக்காரர் அவன் கையைப் பிடித்து, அங்கிருந்து நேராக அதே பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். அந்தப் பையன் பொட்டலத்தை விட்டுவிட்டான், இன்றைக்கும் வாய்ப் பயிற்சி செய்துகொண்டிருக்கிறான். நடந்ததில் நல்லது என்று சொல்ல எனக்கு இது ஒன்றுதான் இருக்கிறது.

அறுவைசிகிச்சை அன்று காலை வார்டில் அவர் பச்சை அங்கி மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் அவர் கழற்றிக் கொடுத்த சட்டையைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு கதை சொல்கிறேன் கேள் என்று தொடங்கினார். பட்டறைக்கு வந்த முதல் மாதம், பொட்டலம் போடுவதற்கு முந்திய கதை. அவரும் நெட்டையும் ஒரு பெரிய சோபாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஒரு வீட்டுக்குப் போனார்கள். முன்தெருவிலும் பின்தெருவிலும் ஒரே கதவு எண். இவர்கள் தப்பான வீட்டைத் தட்டிவிட்டார்கள். தனியாக இருந்த ஒரு பெரியவர் கதவைத் திறந்தார். பையன் அனுப்பினானா என்று கேட்டார். நெட்டை எதையும் காதில் வாங்காமல் ஆமாம் என்றான்.

சோபாவை நடுக்கூடத்தில் போட்டார்கள். பெரியவர் அதைத் தடவித் தடவிப் பார்த்தார். வெளியூரில் இருக்கும் மகன் வருஷக் கணக்காகப் பேசுவதே இல்லையாம், மறந்துவிட்டான் என்று நினைத்தேன், மறக்கவில்லை பாருங்கள் என்று இவர்களிடம் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தண்ணீர் கொடுத்து அனுப்பினார். இவர்கள் வண்டியில் ஏறி உட்காரவும் முதலாளியின் போன் வரவும் சரியாக இருந்தது. சோபா எங்கேடா, அங்கே வாடிக்கையாளர் கத்திக்கொண்டிருக்கிறார். நெட்டைக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. நீயே போ, உனக்குத்தான் வாய் இருக்கே என்று இவரைத் தள்ளிவிட்டான். இவர் திரும்பிப் போனார். அதற்குள் பெரியவர் கண்ணாடியும் பேப்பருமாகச் சோபாவில் கால் நீட்டிப் படுத்திருந்தார்.

"பக்கத்துல போய் உக்காந்தேன். அவர் கையப் பிடிச்சுக்கிட்டேன். பிடிச்சுக்கிட்டு என்ன சொன்னேன் தெரியுமா?"

அப்போது தள்ளுவண்டியோடு இரண்டு பேர் வந்துவிட்டார்கள். பேசாமல் படுங்க என்று நர்ஸ் சொன்னார். அவர் படுத்தார். வண்டி நகர்ந்தபோது என்னைப் பார்த்து, மீதியை வந்து சொல்கிறேன் என்றார். அதுதான் நான் தெளிவாகக் கேட்ட அவருடைய கடைசிப் பேச்சு.

உயிரோடு திரும்பினார். முகத்தில் பாதி வேறு ஒருவருடையதுபோல் இருந்தது. மூக்கு வழியாகக் குழாயில் பால் போயிற்று. கதிர்வீச்சுக் கொடுத்தார்கள். தைத்த இடம் ஆறிய பிறகு குரல் வந்தது, சொல் வரவில்லை. தலையணைக்கு அடியிலிருந்து யாரோ பேசுவதுபோல் இருக்கும். வேண்டியதைப் போனில் தட்டிக் காட்டுவார். தண்ணி, வலி, ஜன்னலைச் சாத்து. ஒருநாள் நான் அந்தக் கதையின் மீதியைத் தட்டிக் காட்டச் சொன்னேன். அவர் போனை எடுத்து இப்படித் தட்டினார்.

"எழுதினா சிரிப்பு வராது."

சில மாதங்களில் கழுத்தில் மறுபடியும் கட்டி வந்தது. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அத்தை வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டு மகனுக்குப் பக்கத்திலேயே இருந்தார். யாராவது பார்க்க வந்தால் முன்போல் எதுவும் சொல்வதில்லை, எழுந்து உள்ளே போய்விடுவார்.

ஒரு மத்தியானம் அவர் என் கையைத் தட்டிக் கூப்பிட்டார். எழுந்து உட்கார வேண்டும் என்று சைகை காட்டினார். முதுகுக்குத் தலையணை கொடுத்தேன். அவர் சொல்லத் தொடங்கினார். வாயால்தான் சொன்னார். இரண்டு கையையும் விரித்துச் சோபாவைக் காட்டினார், நெட்டையின் உயரத்தைக் காட்டினார், பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைக் காட்டினார். அதுவரை எனக்குத் தெரிந்த கதை, அதனால் கூடவே போக முடிந்தது. பிறகு அந்தப் பெரியவரின் கையைப் பிடித்ததுபோல என் கையைப் பிடித்துக்கொண்டார். என் முகத்துக்கு நேராகக் குனிந்து, அன்றைக்குச் சொன்னதைச் சொன்னார். முதலில் நீளமாக ஏதோ. நடுவில் கொஞ்சம் நிறுத்தினார். பிறகு சின்னதாக ஒன்று.

எனக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. இன்னொரு தரம் சொல்லுங்கள் என்று கேட்கலாம். ஆனால் அவருக்கு மூச்சு வாங்கியது, நெற்றி முழுக்க வியர்வை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். நான் சிரித்தேன். அந்த வாரம் பட்டினி கிடந்த சிரிப்பு எல்லாவற்றையும் சேர்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவர் தோள் குலுங்கியது. அவரும் சிரித்தார்.

சத்தம் கேட்டு அத்தை அடுப்படியிலிருந்து வந்து நிலைப்படியில் நின்றார்.

"என்னம்மா சொல்றான்? எனக்கும் சொல்லேன்."

தப்பான வீட்டில் இறக்கிய சோபாவை அந்த வீட்டுப் பெரியவரே எழுந்து ஒரு பக்கம் தூக்கிக் கொடுத்துவிட்டாராம் அத்தை என்றேன். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார், பிறகு என் கையை விடாமலேயே கண்ணை மூடிக்கொண்டார்.

அடுத்த வாரம் அவர் போய்விட்டார். அந்தப் பெரியவரிடம் அவர் என்ன சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.